தங்கவயல் நெஞ்சில் தங்கிய தூசி

கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்று. அப்போது நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. நுரையீரல் புற்றுநோய் அதிகம் தலைகாட்டும் வயது இது. தூசி உள்ளே போவதற்கும் புற்று வெளியே தெரிவதற்கும் நடுவே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். அங்குள்ள சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் தொழிலாளர் லைன் வீடுகளில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய காலம் இதுதான்.

இங்கே தங்கம் ஒளிந்திருந்தது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்றால் படிகச் சிலிக்கா. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி, அந்தப் பாறையைத் துளைத்து வெடி வைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 43.7 சதவீதம் பேருக்குச் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய்.

கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகளை நுரையீரலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அவையே செத்து விழ, வெளியேறிய துகளை அடுத்த செல் விழுங்குகிறது. இதனால் வரும் புண்ணும் வீக்கமும் ஆறுவதே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக நார் சுற்றிய முடிச்சுகள் தெரியும். ஓயாத அழற்சி செல்லின் மரபணுவையும் கெடுக்கிறது. வேலையிடத்துச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது.

நுரையீரல் புற்று ஒரே நோயல்ல. ஸ்குவாமஸ் வகை பெரும்பாலும் நடு மூச்சுக்குழாய்களில் முளைத்து, அடைப்பையும் ரத்தம் கலந்த சளியையும் கொடுக்கும். அடினோகார்சினோமா பெரும்பாலும் ஓரத்தில், சளி சுரக்கும் செல்களில் தோன்றி, நெடுநாள் சத்தமில்லாமல் வளரும். பெரிய செல் வகை அரிது. இம்மூன்றும் ஒரு குடும்பம். நூற்றுக்கு எண்பத்தைந்து இதில் அடங்கும். மீதியுள்ள சிறிய செல் வகைதான் கொடியது. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் மூளைக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கும். வகைக்குத் தக்கபடி சிகிச்சை மாறும். அடினோகார்சினோமாவில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருந்தால், அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. எந்த வகை என்று எக்ஸ்ரே சொல்லாது. திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

என் பயமெல்லாம் இங்கேதான். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பது உண்மை. அதனாலேயே, சுரங்கத்தில் இருந்தவர் நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்தால் காசநோய் என்றோ பழைய தூசி நோய் என்றோ முடிவு கட்டிவிடுவது சுலபம். சளியில் கிருமி இல்லாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியபின் புற்று என்று தெரிய வருவது இந்தியா முழுக்க மருத்துவர்கள் கண்ட அவலம். அந்த மாதங்களில் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

பீடிதான் காரணம் என்பாரும் உண்டு. பீடிக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் தூசியும் புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும். பீடியைக் காட்டித் தூசியை விடுவிப்பது நியாயமில்லை.

தொழில்நோய் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் இருக்கிறது. சிலிக்காவால் வரும் புற்றுக்கும் அதில் இடம் வேண்டும். முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் அவர்கள் ஊரிலேயே சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் அரசுச் செலவில் நடக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சுரங்கத்தில் இறங்கியவர் இருக்கிறாரா? மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். எத்தனை வருடம் சுரங்கத்தில் இருந்தார், என்ன வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.