போடாத கையெழுத்துக்கு விலை உண்டு

பன்னிரண்டு ஆண்டு உழைத்த தொழிலாளியை ஒருநாள் காலை மேலாளர் அறைக்கு அழைக்கிறார்கள். இடம், ஜெர்மனி. உட்கார நாற்காலி தருகிறார்கள். காப்பியும் தருகிறார்கள்! பன்னிரண்டு ஆண்டில் அன்றைக்குத்தான் அந்த உபசாரம். "வியாபாரம் சரியில்லை. உங்கள் வேலை இனி இல்லை. இதோ ஒரு தொகை, இதோ தாள், இதோ பேனா" என்கிறார்கள்.

தோழர்களே, அந்தப் பேனாவைத் தொடுவதா, வேண்டாமா? அதுதான் பிரச்சினை.

நாலைந்து பேருக்கு மட்டும் வந்த பிரச்சினையல்ல. வோல்க்ஸ்வாகன் நிறுவனமும் ஐ.ஜி. மெட்டால் சங்கமும் 2024 டிசம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2030க்குள் ஜெர்மனியில் 35,000க்கும் மேற்பட்ட வேலைகள் குறைய வேண்டும். சங்கம் வலுவாக இருந்ததால் ஆலை எதுவும் உடனே மூடப்படவில்லை. சங்கமில்லாத சிறு தொழிற்சாலைக்காரனுக்கு யார் துணை?

சட்டம் துணை. ஆனால் எப்படிப்பட்ட துணை? ஜெர்மன் சட்டம் வேலையிழந்தவனுக்கெல்லாம் பணம் கொடு என்று சொல்லவில்லை! கேட்பவர் திகைப்பார்கள். அது சொல்வது வேறு: தக்க காரணமின்றி வேலையை விட்டு நீக்காதே என்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு மாதம் கடந்தவனுக்கு அந்தக் காப்பு உண்டு. ஆட்குறைப்பு என்றால் யாரை அனுப்புவது? முதலாளிக்குப் பிடிக்காதவனையா? இல்லை. பணிக்காலம், வயது, காப்பாற்ற வேண்டிய குடும்பம், கடும் உடல் ஊனம் இந்த நான்கையும் எடைபோட வேண்டும். தொழிலாளர் குழு இருக்குமிடத்தில் அதன் கருத்தை முன்கூட்டியே கேட்காவிட்டால் நீக்கமே செல்லாது. நோட்டீஸ் தாளில் இருக்க வேண்டும், மையால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் குப்பை.

பணம் எங்கிருந்து முளைக்கிறது? முதலாளியின் அச்சத்திலிருந்து! வழக்கில் தோற்றால் ஆளைத் திரும்ப எடுக்க வேண்டும். வழக்கு நடந்த மாதங்களுக்கும் சம்பளம் அழ வேண்டிவரும். அந்தத் தலைவலிக்குப் பதில் பேரம் பேசுகிறான். வழக்கமான கணக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். மாதம் 3,600 யூரோ வாங்கியவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு 21,600 யூரோ. அது தொடக்கப் புள்ளிதான். முதலாளியின் காரணம் எவ்வளவு ஓட்டையோ, அவ்வளவுக்குத் தொகை ஏறும். காரணம் உறுதியாக இருந்தால் இறங்கும்.

இந்தப் பேரத்துக்கு ஒரு கெடு உண்டு. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்றே வாரம்! அதற்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடாவிட்டால், எவ்வளவு அநியாயமான நீக்கமும் சட்டப்படி சரியாகிவிடும். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அவசரமென்ன?" என்று இழுக்கும் நிர்வாகத்தின் இனிப்புப் பேச்சில் எத்தனையோ பேர் அந்த நாளைத் தொலைத்திருக்கிறார்கள். பேசட்டும், வழக்கைப் போட்டுவிட்டுப் பேசட்டும். நோட்டீசிலேயே, "வழக்குப் போடாதே, ஆண்டுக்கு அரை மாதம் தருகிறேன்" என்று சட்டப்படி எழுதித் தந்தால் மட்டும் சேதி வேறு. கெடு கழிந்தபின் பணிக்காலம் முடியும்போது பணம் வரும்.

வக்கீல் கட்டாயமில்லை. நீதிமன்ற அலுவலகத்திலேயே மனுவை எழுதிக்கொள்வார்கள். வக்கீல் வைத்தால், முதல் மன்றத்தில் ஜெயித்தாலும் அந்தச் செலவு அவரவர் தலையில்தான். சங்கச் சந்தாவின் அருமை அங்கே தெரியும். உறுப்பினருக்காகச் சங்கத்தின் சட்டத்துறை வாதாடும். சில வாரங்களில் நீதிபதி இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார். ஏராளமான வழக்குகள் அங்கேயே முடிகின்றன.

சரி, அன்று காலை காப்பியோடு நீட்டிய தாளில் கையெழுத்திட்டிருந்தால்? தானே வேலையை விட்டவனாகக் கருதி, வேலையில்லா உதவித்தொகையைப் பன்னிரண்டு வாரம்வரை நிறுத்திவைக்கலாம். பன்னிரண்டு ஆண்டுக்காரனுக்கு ஐந்து மாத முன்னறிவிப்பு உரிமை. அதைச் சுருக்க ஒப்பினால் அந்தச் சம்பளமும் போச்சு, உதவித்தொகையும் மேலும் தள்ளிப்போகும். வேலை முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதற்கும் குறைவான காலமே இருந்தால் நீக்கச் செய்தி தெரிந்த மூன்று நாளுக்குள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதையும், காப்பி கொடுத்தவர்கள் பலநேரம் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சமரசத்தில் தொகையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுவதும் பிழை. எடுக்காத விடுப்புக்குச் சம்பளம், பாக்கி போனஸ், நற்சான்றிதழின் வாசகம் எல்லாமே அந்த ஒரே தாளில் ஏற வேண்டும். அடுத்த ஆலையின் வாயிலில் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.