பாட்டிலை மறைச்சா நாக்கு என்ன சொல்லும்? கம்பத்துல ஒரு ஒயின் சோதனை

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.)

மூணு பாட்டில் ஒயின் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு 700 ரூபாய், ஒண்ணு 1,200, இன்னொண்ணு 2,500. மூணையும் மறைச்சு வச்சு ஊத்திக் குடுத்தா எது 2,500 ரூபாய்ன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்த எபிசோட். முடியாதுன்னு நினைக்கிறவங்களும் கேளுங்க, ஏன்னா "எல்லா ஒயினும் ஒண்ணுதான்ப்பா" அப்படிங்கறதும் உண்மை இல்ல.

முதல்ல விலை நம்மள என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். 2008-ல கலிஃபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 20 பேரை மூளை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, குழாய் வழியா ஒயின் குடுத்தாங்க. 90 டாலர் ஒயின் ஒண்ணை ஒரு தடவை "இது 90 டாலர்"னு சொல்லிக் குடுத்தாங்க. அதே ஒயினை இன்னொரு தடவை "இது 10 டாலர்"னு சொல்லிக் குடுத்தாங்க. விலை அதிகம்னு சொன்னப்போ நல்லா இருக்குன்னாங்க. இதுல முக்கியமான விஷயம், அவங்க பந்தாவுக்காக அப்படிச் சொல்லல. இன்பத்தை உணர்ற மூளைப் பகுதியும் அப்போ கூடுதலா வேலை செஞ்சுது. அதாவது விலையைக் கேட்டதும் நிஜமாவே ருசி கூடிடுது. கல்யாண வீட்டுல "சமையல் யாரு தெரியுமா?"ன்னு ஒருத்தர் சொன்னதுக்கு அப்புறம் சாம்பார் மணக்குதுல்ல, அந்தக் கதைதான்.

அதே 2008-ல இன்னொரு ஆய்வும் வந்துச்சு. அமெரிக்காவுல 6,000-க்கும் மேற்பட்ட மறைமுக ருசிப்புகளோட மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒயின் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள் விலை கூடின ஒயினை, கொஞ்சமே கொஞ்சம், குறைவாத்தான் ரசிச்சிருக்காங்க. பயிற்சி உள்ளவங்ககிட்ட அது தலைகீழா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வித்தியாசம் பெருசு இல்ல.

நம்ம ஊர்ல இதுக்கு மேல ஒரு சிக்கல் இருக்கு. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவுல ரொம்ப காலமா 150 சதவீதம் இறக்குமதி வரி. ஆஸ்திரேலியா ஒப்பந்தம் 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்த பிறகு, அங்கிருந்து வர்ற, ஒரு அளவுக்கு மேல விலை உள்ள பாட்டில்களுக்கு இது படிப்படியா குறையுது. 150 சதவீதம்னா, துறைமுகத்துல 500 ரூபாய்க்கு வந்து இறங்குற பாட்டில் அங்கேயே 1,250 ஆயிடும். அதுக்கு மேல மாநில வரி, மத்த செலவு எல்லாம் ஏறித்தான் எலைட் கடை ஷெல்ஃபுக்கு வருது. அதனால நாசிக் ஒயின் 1,200, சிலி ஒயின் 2,500 இருந்தா, அந்த 1,300 ரூபாய் வித்தியாசத்துல பெரும்பங்கு வரியும் கப்பல் கூலியும்தான். ருசியோட விலைன்னு நினைச்சு நாம வரியை ருசிச்சுட்டு இருக்கோம். அதனால சோதனைக்கு மூணும் இந்திய பாட்டிலாவோ மூணும் வெளிநாட்டு பாட்டிலாவோ எடுங்க. திராட்சை ரகமும் ஒண்ணா இருக்கணும், உதாரணத்துக்கு மூணுமே ஷிராஸ். இல்லன்னா நாம பண்றது விலைச் சோதனையே கிடையாது.

இப்போ வீட்டுல எப்படிப் பண்றதுன்னு பார்ப்போம். நாங்க ஆறு பேர் கம்பத்துல ஒரு நண்பர் வீட்டு மாடியில இதைப் பண்ணோம். மலைக்காத்து நல்லா அடிச்சாலும் பகல் சூடு மாடியை விட்டு இறங்க ராத்திரி ஆயிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில குடிக்கணும்னு சொல்வாங்க இல்ல, அது ஐரோப்பா அறை. 16-லிருந்து 18 டிகிரி. தேனி மாவட்டத்துல மே மாச அறை வெப்பத்துல குடிச்சா ஆல்கஹால் நெடிதான் மூக்கைத் தாக்கும். மூணு பாட்டிலையும் ஒரே நேரத்துல ஃப்ரிட்ஜுல அரைமணி நேரம் வைங்க. ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும்.

பாட்டிலுக்குப் பேப்பர் சுத்துறது மட்டும் போதாது. கழுத்து வடிவம், கார்க்கா திருகு மூடியா, எல்லாமே விலையைச் சொல்லிடும். ஒரு ஆள் தனியா சமையலறையில நின்னு ஒரே மாதிரி ஜக்குகள்ல ஊத்தி எண் போடட்டும். அவர் வெளியில வரக்கூடாது. ஜக்குகளை இன்னொருத்தர் கொண்டு வரட்டும், அவருக்கும் எது எதுன்னு தெரியக்கூடாது. ஊத்தினவர் முகமே பாதி ரகசியத்தைச் சொல்லிடும்ங்க.

ஆளுக்கு ஒரு ஜக்குலருந்து 40 மில்லி போதும். ருசி பார்த்துட்டுத் துப்ப ஒரு காலி சொம்பு வைங்க. கூச்சமா இருக்கும், ஆனா மூணாவது கிளாஸுக்கு அப்புறம் எல்லா ஒயினும் அருமையாத்தான் தெரியும். நடுவுல நாக்கைச் சுத்தம் பண்ண உப்பில்லாத பொரியும் தண்ணியும் போதும். மிக்சர், ஊறுகாய், மிளகா பஜ்ஜி எல்லாம் ரிசல்ட் வந்த பிறகு. காரம் நாக்குல இருந்தா ஆல்கஹால் இன்னும் எரியும், துவர்ப்பு இன்னும் முரடாத் தெரியும். ஊதுபத்தி, சென்ட், மல்லிகைப்பூ வேண்டாம். வீட்டுக்குக் கார், பைக் ஓட்டிட்டுப் போக குடிக்காத ஒருத்தர் இருக்கணும்.

மதிப்பெண்ணை முதல்ல எழுதுங்க, அப்புறம் பேசுங்க. கூட்டத்துல ஒருத்தர் "ஆஹா, ப்ளாக்கரன்ட் வாசனை"ன்னு சொல்லிட்டா மீதி அஞ்சு பேருக்கும் அதுதான் அடிக்கும். நம்மள்ல எத்தனை பேர் ப்ளாக்கரன்ட் சாப்பிட்டிருக்கோம்? உங்க வார்த்தையில எழுதுங்க. நாவல்பழம், புளி, கிராம்பு, போடி ஏலக்காய், மழை பெஞ்ச மண். சிவப்பு ஒயின்ல டானின், டானின்னு சொல்றாங்களே, அது நாவல்பழம் சாப்பிட்டதும் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான். நல்ல ஒயின்ல அது கட்டன் சாயா மாதிரி சுத்தமா இருக்கும். மோசமானதுல பிஞ்சு வாழைக்காயைக் கடிச்ச மாதிரி இருக்கும்.

இப்போ இந்த எபிசோட்லயே முக்கியமான விஷயம். மூணு ஒயினை நாலு ஜக்குல ஊத்துங்க. ஒரு ஒயினை ரெண்டு எண்ல குடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க ஆறு பேர்ல நாலு பேர் ஒரே ஒயினுக்கு ரெண்டு வேற மதிப்பெண் போட்டிருந்தாங்க. ஒருத்தர் 10-க்கு 8-ம் 4-ம் போட்டிருந்தார். கேலி பண்ணாதீங்க. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியோட நடுவர்களுக்கே ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் ஒரே பாட்டிலை மூணு தடவை மறைச்சுக் குடுத்துப் பார்த்தார். பத்துல ஒரு நடுவர்தான் மூணு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு போட்டார். உங்களுக்கு நீங்களே முரண்படுற அளவு 4 மார்க்னா, ரெண்டு ஒயினுக்கு நடுவுல 2 மார்க் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்ல. இந்த ஒரு ஜக்கு இல்லாத சோதனை வெறும் பார்ட்டி. பார்ட்டியும் நல்லதுதான்.

இன்னும் கறாரா வேணும்னா மூணு கிளாஸ் வைங்க, ரெண்டுல ஒரே ஒயின், ஒண்ணுல வேற. எது வேறன்னு கண்டுபிடிக்கணும். குருட்டுத்தனமா சொன்னாலே ஆறு பேர்ல சராசரியா ரெண்டு பேர் சரியாச் சொல்வாங்க. நாலு பேர் சொன்னாலும் அதிர்ஷ்டமா இருக்கலாம், பத்துல ஒரு தடவை அப்படி நடக்கும். அஞ்சு பேர் சொன்னாத்தான் நம்பலாம்.

கண்ணை மூடிட்டு ஒரு ரவுண்டு பண்ணுங்க. 2001-ல வெளியான ஆய்வுல, போர்டோவுல ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து குடுத்தாங்க. சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே எழுதித் தள்ளினாங்க. மூக்கைக் கண்ணு ஏமாத்திடுச்சு.

கண்ணு ஏமாத்துறதுன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது கம்பம் பன்னீர் திராட்சை. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாச் சொல்றாங்க. ரகத்தோட பேர் மஸ்கட் ஹாம்பர்க். முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற இந்தப் பள்ளத்தாக்குல, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கமெல்லாம் வருஷம் முழுக்க வெட்டு நடக்கும். ஒரு பந்தல்ல அறுவடை, பக்கத்துப் பந்தல்ல கவாத்து. 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஆனா சிட்டி கடையில இது பொதுவா விலை கம்மியான பழம். விதை இருக்கு, தோல் மெல்லிசு, ரெண்டு நாள்ல தளர்ந்துடும். பக்கத்துல விதையில்லாத திராட்சை பளபளன்னு பெட்டியில உக்காந்திருக்கும். நாம கண்ணால வாங்குறோம், அதனால பன்னீர் தோத்துடுது.

ஆனா வாசனையில இது ராஜா. பன்னீர்னு பேர் வந்தது சும்மா இல்ல. ரோஜாவுல இருக்கிற ஜெரானியால், கொத்தமல்லி விதையில இருக்கிற லினலூல், ரெண்டுமே மஸ்கட் திராட்சைகள்ல உண்டு. அப்போ இதுல உலகத் தரமான ஒயின் வருமான்னா, நம்ம ஊருங்கறதுக்காக நான் ஆமான்னு சொல்ல மாட்டேன். இது அடிப்படையில சாப்பிடுற பழம். பிரான்ஸ்லயே மஸ்கட் ஹாம்பர்கை முக்கியமா சாப்பிடத்தான் வளர்க்கிறாங்க. மஸ்கட் ஒயின்கள்ல இன்னொரு தமாஷ் உண்டு. சர்க்கரையே இல்லாத மஸ்கட் ஒயினைக் கூட மறைச்சுக் குடுத்தா பாதிப் பேர் "இனிக்குது"ம்பாங்க. இனிக்கிறது மூக்குலதான்.

ஜூஸா வச்சு இதைச் சோதிக்கலாம், குடிக்காதவங்களும் சேர்ந்துக்கலாம். பன்னீர் ஒரு கிலோ, கறுப்பு விதையில்லாதது ஒரு கிலோ. ரெண்டையும் கையால பிசைஞ்சு விதையும் தோலும் போக வடிகட்டுங்க. மிக்ஸி வேண்டாம், விதை உடைஞ்சா கசக்கும். ஒரே குளிர்ல, கண்ணை மூடிக் குடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி. ஒரு டம்ளருக்கு எவ்வளவு குடுப்பீங்க? ரூபாய்ல எழுதுங்க. நாங்களும் எழுதினோம். நாலு பேர் பன்னீருக்கு அதிக விலை போட்டாங்க. மீதி ரெண்டு பேருக்கு அந்த வாசனை தூக்கலா, சோப்பு மாதிரி இருந்துச்சாம். அதுல ஒருத்தர் காமயகவுண்டன்பட்டிக்காரர், வீட்டுல திராட்சைத் தோட்டம்.