முதலில் பார்க்கட்டும், பிறகு பெயர் சொல்லலாம்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகல் முன் நிற்பவர்களின் கண் முதலில் விளக்கப் பலகைக்குத்தான் போகிறது. ‘நடுகல், வீரன், பல்லவர் காலம்’ என்று படித்ததும் கல்லைப் பார்த்துவிட்டதாக நினைப்பு. நம் கல்லூரி வகுப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. பெயரும் விடையும் முன்னே வந்துவிடுகின்றன. பார்க்க வேண்டிய தேவையே மாணவருக்கு எழுவதில்லை.

இதை மாற்றும் பயிற்சி ஒன்று உண்டு. அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்காக வகுத்தது. ஆசிரியர் எதையும் விளக்குவதில்லை, மூன்றே கேள்விகள் கேட்கிறார்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் இதன் உயிர். ஊகத்தையும் சான்றையும் பிரித்துப் பார்க்க அது கற்றுத்தருகிறது.

பலகையைத் தாளால் மறைத்துவிட்டு ஒரு நடுகல்லின் முன் கால் மணி நேரம் நின்றால் போதும். கையில் வில்லா, குறுவாளா? உடலில் அம்பு தைத்திருக்கிறதா? பக்கத்தில் மாடுகள் இருந்தால், சண்டை ஆநிரைக்காகவா? சில கற்களில் காலருகே சிறு கெண்டி இருக்கும். அது ஏன் அங்கே? பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது, கள்ளரைக் கடித்த அதன் செயலைக் கல்வெட்டும் சொல்கிறது. வரலாற்று மாணவர் போரைப் பார்ப்பார், தமிழ் மாணவர் வட்டெழுத்தைப் பார்ப்பார், புவியியல் மாணவர் கல்லின் வகையையே பார்ப்பார். நடுகல் எடுக்கும் ஆறு நிலைகளில் தொல்காப்பியம் முதலில் வைப்பதும் தகுந்த கல்லைத் தேடிக் காண்பதைத்தான்.

மருத்துவத்தில் இதுபோன்ற ஒரு பயிற்சியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்திப் பழக்கினார்கள். நோயாளிகளின் படங்களில் உள்ள அறிகுறிகளை அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கண்டு சொன்னார்கள். முடிவுகள் 2001-இல் வெளிவந்தன.

தருமபுரியில் இதற்கு ஓவியம்கூட வேண்டாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஃபுளோரைடு பாதித்த பல்லைப் பார்த்து, பல்லில் கறை என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் மாணவருக்கு ஒன்றும் பிடிபடாது. உற்றுப் பார்த்தால், சுண்ணாம்பு போன்ற வெண்கோடுகள் குறுக்காக ஓடுவது தெரியும். இடப்பக்கம் உள்ளது போலவே வலப்பக்கமும் இருக்கும். கடுமையானால் அதன்மேல் பழுப்பு ஏறும். சொத்தை இப்படி இரு பக்கமும் ஒத்து வருவதில்லை, தேநீர்க் கறையோ சுத்தம் செய்தால் போய்விடும். இன்னொன்றும் உண்டு: நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே நாற்பது வயதுக்காரரின் பல்லில் தெரிவது இன்று அவர் குடிக்கும் தண்ணீர் அல்ல, சிறு வயதில் குடித்த தண்ணீர். அங்கிருந்து வேதியியலுக்கும், பாறையிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரையும் விதத்துக்கும் பாடம் தானே விரியும்.

இதற்குத் தனி ஆய்வகமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. தருமபுரிக் கல்லூரி ஆசிரியர்கள் எந்தத் துறையினராக இருந்தாலும், பருவத்துக்கு ஒரு வகுப்பையாவது அகழ்வைப்பகத்தில் நடத்துங்கள். முதல் கால் மணி நேரம் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.