வீடற்றோர் விற்கும் வார இதழ்

வீடற்றோருக்குப் பிழைப்புக்கு வழிசெய்யும் நோக்கத்துடன் அச்சிடப்பட்டு, அவர்களாலேயே தெருவில் நின்று விற்கப்படும் இதழ்கள் தெருப் பத்திரிகைகள் எனப்படுகின்றன. இவற்றுள் பெரும்பெயர் பெற்றது 1991 செப்டம்பரில் லண்டனில் தொடங்கப்பட்ட 'தி பிக் இஷ்யூ'. 'பாடி ஷாப்' நிறுவனத்தைத் தம் மனைவி அனிதாவுடன் வளர்த்தெடுத்த கார்டன் ராடிக், நியூயார்க்கில் 'ஸ்ட்ரீட் நியூஸ்' என்ற பத்திரிகையை வீடற்றோர் விற்பதைக் கண்டு, அதுபோன்ற ஒன்றை லண்டனில் நடத்தும் பொறுப்பைப் பழைய நண்பர் ஜான் பேர்டிடம் ஒப்படைத்தார். சிறுவயதில் குடும்பத்துடன் வீடிழந்து, அனாதை இல்லத்திலும் பின்னர் சிறையிலும் காலம் கழித்து, அச்சுத் தொழில் கற்று மேலே வந்தவர் பேர்ட். வறுமையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதாலோ என்னவோ, இலவச உதவியின் மீது அவருக்கு நம்பிக்கை குறைவு; அந்த அவநம்பிக்கையே பத்திரிகையின் கொள்கையாக அமைந்தது.

இதழின் விலையில் பாதியை முன்பணமாகச் செலுத்தி விற்பனையாளர் பிரதிகளைப் பெறுகிறார்; இதழ் நான்கு பவுண்டுக்கு விற்ற ஆண்டுகளில், பிரதிக்கு இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கி, மீதி இரண்டு பவுண்டைத் தம் வருவாயாக வைத்துக்கொண்டார். விற்காத பிரதிகள் திரும்பப் பெறப்படுவதில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகை முகவர்கள் எளிதில் ஏற்கமாட்டாத இந்த நிபந்தனையில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஏனெனில் மழைநாளில் எத்தனை பிரதி போகும், ரயில் நிலைய வாசலில் எந்நேரம் கூட்டம் மிகும், இன்றைய வருவாயில் எவ்வளவை நாளைய கொள்முதலுக்கு எடுத்துவைக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கிடாதவரின் கைமுதல் இரண்டே நாளில் கரைந்துவிடும். அந்தக் கைமுதலும் இல்லாமல் வருபவருக்குத் தொடக்கத்தில் சில பிரதிகள் இலவசமாகத் தரப்படுகின்றன. விற்பனையாளருக்கு அடையாள அட்டையும் சிவப்பு மேற்சட்டையும் நிற்பதற்குக் குறிப்பிட்ட இடமும் வழங்கப்படுகின்றன. அட்டையை அணிந்திருக்கையில் குடிப்பதும் பிச்சை கேட்பதும் நடத்தை விதிகளுக்குப் புறம்பானவை. பிச்சையெடுப்பதை 1824-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்த நாட்டில், அந்த அட்டை ஒருவரை வியாபாரியாக அடையாளம் காட்டியது.

ஆயினும் எல்லாத் தெருப் பத்திரிகைகளும் இந்த வழியில் செல்லவில்லை. லண்டன் இதழைத் தொழில்முறைப் பத்திரிகையாளர்கள் எழுத, புகழ்பெற்ற நடிகர்களும் பாடகர்களும் அதன் அட்டையை அலங்கரிக்க, அமெரிக்க நகரங்களின் சிறு பத்திரிகைகள் பலவற்றில் வீடற்றோரே எழுத்தாளர்களாகவும் இருந்தனர். 'தி பிக் இஷ்யூ' 1998-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கால்வைத்தபோது, வீடற்றோரின் குரல் அதில் எங்கே என்று அங்கிருந்தவர்கள் எதிர்த்தனர். நியாயமான கேள்விதான், ஆனால் வாசகர் விரும்பிப் படிக்காத இதழால் விற்பவருக்குப் பயனில்லை என்ற லண்டனின் மறுமொழியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. இரு தரப்புப் பத்திரிகைகளும் 1994-இல் உருவான பன்னாட்டுத் தெருப் பத்திரிகை வலையமைப்பின்கீழ் இடம்பெற்றுள்ளன.

இத்தொழிலை வேலைவாய்ப்பு என்றே சொல்லலாமா என்பது வேறொரு சிக்கல். விற்பனையாளர் யாருக்கும் ஊழியர் அல்லர், சுயதொழில் செய்பவர். ஆகவே குறைந்தபட்ச ஊதியமோ சம்பளத்துடன் கூடிய விடுப்போ அவருக்கு இல்லை. அதே சமயம், பிரிட்டனில் குடியேறிய ஒரு விற்பனையாளரின் வழக்கில் இதழ் விற்பது உண்மையான சுயதொழிலே எனத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதால், வீட்டு வாடகை உதவி பெறும் தகுதி அவருக்குக் கிடைத்தது. இதழை வாங்காமல் காசை மட்டும் கொடுத்துச் செல்பவர்களோ, நல்லெண்ணத்தாலேயே விற்பனையாளரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது தெருவிற்பனை முற்றாக நின்றுபோக, இதழ் பல்பொருள் அங்காடிகளிலும் சந்தா வழியாகவும் விற்கப்பட்டது. தொற்று தணிந்து விற்பனையாளர்கள் தெருவுக்குத் திரும்பியபோது, முன்பே குறைந்துவந்த சில்லறைக் காசு மக்களின் பைகளிலிருந்து இன்னும் அருகிப்போயிருந்தது. ரொக்கம் அருகிய சுவீடனில், 'சிட்டுவேஷன் ஸ்டாக்ஹோம்' இதழின் விற்பனையாளர்கள் 2013-இலேயே வங்கி அட்டையை ஏற்கும் சிறு கருவிகளைக் கையிலெடுத்திருந்தனர். கருவியில் சேரும் பணம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கணக்குத் தொடங்க முகவரி வேண்டும். முகவரி இல்லாததால்தான் அவர்கள் தெருவில் நிற்கிறார்கள். ஆகவே பிரதிகளை விநியோகிப்பதோடு, விற்பனையாளர்களுக்கு வங்கிக் கணக்கு கிடைக்க வழிசெய்வதும் இப்பத்திரிகை அலுவலகங்களின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.