விடியற்காலைப் புகை

2022 டிசெம்பர் 9ஆந் திகதி காற்று மாசினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அது இந்தியப் பக்கமிருந்து வந்த தூசு; சில நாட்களில் விலகிவிட்டது. எங்கள் குசினிப் புகையோ வீட்டோடு இருப்பது.

மழை ஓய்ந்த தை, மாசியில், காற்றடங்கிய இரவுகளில் நிலம் குளிரும். நிலத்தையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கும். குன்றுகள் சூழ்ந்த திருகோணமலைத் துறைமுகக் கரையில் விடியற்காலைப் புகை கூரைமட்டத்திலேயே படுத்துவிடும்.

யுத்தத்தில் கணவனை இழந்த ஓர் அக்கா, ஐந்து மணிக்கே பிட்டு அவிக்கிறா. அடுப்படியில் முட்டுக்காரப் பிள்ளை படுத்திருந்தது.

"வெயில் ஏறினபிறகு அடுப்பு மூட்டலாமே அக்கா?"

"ஆறரைக்கு பஸ், தங்கச்சி."

எனக்கு வாயடைத்துவிட்டது. அன்றே கூரையோரத் தகரத்தை ஒரு முழம் உயர்த்தினோம். ஈரவிறகைத் தவிர்க்கிறா. பிள்ளை இப்போது முன்னறையில் படுக்கிறது.