முதல் வகுப்பு விமானமும் மார்கழி மாத ஐரோப்பாவும்

அல்சூர் ஏரிக்கரையில் மாலை நடைக்கு வரும் பெரியவர்கள் கூடிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. "பையன் ஜெர்மனியில் இருக்கிறான். டிசம்பரில் வரச் சொல்லி டிக்கெட் எடுக்கிறேன் என்கிறான். அதுவும் முதல் வகுப்பாம்!" கேட்பவர்களுக்கு உடனே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அத்தனை பணம் கொடுத்து முதல் வகுப்பில் போவதால் என்ன கிடைக்கிறது? உறைபனிக் காலத்தில் ஐரோப்பாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இரண்டும் நியாயமான கேள்விகளே. பெற்றோரை வசதியாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பிள்ளைகளின் பணம் வீணாகக் கூடாது என்பது பெற்றோரின் கவலை. இந்த இரண்டுக்கும் நடுவே நம் குடும்பங்கள் ஒரு நல்ல முடிவுக்கு வர உதவும் வகையில், தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் வகுப்பு எப்படி வந்தது?

1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் சென்றது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அந்நிறுவனம் நடத்திய முதல் பயணம் அதுவே. அக்காலத்தில் விமானப் பயணம் என்றாலே செல்வந்தர்களுக்கு உரியது. 1952-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் 'டூரிஸ்ட்' வகுப்பும், 1958-இல் 'எகானமி' வகுப்பும் குறைந்த கட்டணத்தில் வந்தன. மலிவான வகுப்பு ஒன்று பிறந்த பிறகுதான் பழைய வகுப்புக்குத் தனி மதிப்பும் பெயரும் தேவைப்பட்டன. 1970-களின் இறுதியில் இரண்டுக்கும் இடையே 'பிசினஸ்' வகுப்பு நுழைந்தது.

1990-களின் நடுவில் முதல் வகுப்பு இருக்கையைப் படுக்கையாகவே விரிக்கும் வசதி வந்தது. சில ஆண்டுகளில் அதே படுக்கை பிசினஸ் வகுப்புக்கும் வந்துவிட்டது. படுத்துத் தூங்குவதற்கு முதல் வகுப்பு தேவையில்லை என்றான பின், பல நிறுவனங்கள் அந்த வகுப்பையே கைவிட்டன. இன்று முதல் வகுப்பு வைத்திருப்பவை சில நிறுவனங்கள் மட்டுமே. அவற்றிலும் எல்லா விமானங்களிலும் அது இருப்பதில்லை.

நம் ஊரைப் பொறுத்தவரை, 2001-இல் லுப்தான்சா நிறுவனம் பிராங்பர்ட் நகருக்கு நேரடி விமானம் விட்டது. அப்போது விமான நிலையம் அல்சூருக்கு வெகு அருகில், எச்.ஏ.எல். வளாகத்தை ஒட்டியே இருந்தது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்த பின், விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு பயணம் செய்ய வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் எமிரேட்ஸ் நிறுவனம் ஏ-380 என்ற இரண்டடுக்கு விமானத்தைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தது. அதன் மேல்தளத்தில் கதவுடன் கூடிய 14 தனியறைகளும், முதல் வகுப்பினர் குளிப்பதற்கான அறைகளும் உண்டு. ஷவரில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் தண்ணீர் வரும். நம் வீட்டுக் காவிரி நீர்க் குழாயை நினைத்துக்கொண்டால் அதுவே தாராளம்தான்!

கூடுதல் பணம் எதற்கு?

ஓர் எளிய கணக்கு. விமானத்தின் தளத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வருமானம் வர வேண்டும். முதல் வகுப்பில் ஒருவர் படுக்கும் இடத்தில் சாதாரண வகுப்பில் நாலைந்து பேரை உட்கார வைக்கலாம். ஆகவே அந்த நாலைந்து பேரின் கட்டணத்தை அவர் ஒருவரே தர வேண்டியதாகிறது. அதனுடன் தனி ஓய்வுக்கூடம், வரிசையில் காத்திராமை, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவு, தேதியை மாற்றும் சலுகை ஆகியவையும் சேர்கின்றன. பிராங்பர்ட்டில் 2004 முதல் முதல் வகுப்பினருக்கென்றே தனிக் கட்டடம் இயங்குகிறது. அங்கிருந்து விமானத்தின் அருகிலேயே காரில் கொண்டுபோய் இறக்குகிறார்கள்.

ஆனால் பணத்தால் மாற்ற முடியாதவையும் உள்ளன. விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்றது. ஊட்டியின் உயரத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரப்பதமும் மிகக் குறைவு. முன்வரிசையானாலும் பின்வரிசையானாலும் இவை ஒன்றே. ஆகவே எந்த வகுப்பிலும் அடிக்கடி தண்ணீர் குடிப்பது அவசியம். நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால் நரம்புகளில் இரத்தம் உறையும் தொல்லையை 'எகானமி கிளாஸ் நோய்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அந்தப் பெயர் தவறானது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் எந்த வகுப்பிலும் அது வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நலமாக உள்ளவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது இது. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலை ஆட்டுவதும் செலவில்லாத மருந்துகள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்த உயரத்திலும் வறண்ட காற்றிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் குறைவாகவே தெரியும். எவ்வளவு உயர்ந்த உணவானாலும் சப்பென்று இருப்பது இதனால்தான். தக்காளிச் சுவைக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை. சைவம் உண்பவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே 'ஏ.வி.எம்.எல்.' என்ற குறியீட்டைக் கேட்டுப் பதிவு செய்யவும். படக் கம்பெனியின் பெயர் போலத் தோன்றினாலும் அது இந்திய முறைச் சைவ உணவைக் குறிப்பது.

கேட்டால் கிடைக்கும் வசதி

வயதானவர்களுக்கு விமானப் பயணத்தில் பெருந்துன்பம் தருவது இருக்கையைவிட விமான நிலையத்தின் நெடுந்தூர நடைதான். இதற்கான சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்புப் பயணிக்கும் உண்டு. ஐரோப்பிய விமான நிலையங்களில் இதனை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. "நான் என்ன நோயாளியா?" என்று கௌரவம் பார்த்து மறுக்கும் தந்தையரிடம் பிள்ளைகள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். முழங்கால் வலியோடு விமானத்தில் ஏறினால் முதல் வகுப்பிலும் வலிக்கத்தான் செய்யும்.

பனிப்பொழிவால் விமானம் ரத்தானால் பண இழப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பயணிக்கு, எந்த வகுப்பானாலும், உணவும் தங்கும் இடமும் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு.

விசாவும் பெட்டியும்

29 ஐரோப்பிய நாடுகளுக்கு 'ஷெங்கன்' விசா ஒன்றே போதும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் அந்த விசா செல்லாது. அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். டிசம்பர் பயணத்துக்குச் செப்டம்பரிலேயே தொடங்குவது நல்லது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் செல்லும் பொருட்களிலும் கவனம் தேவை. நெய், பால் பொருட்கள், இறைச்சி ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுசெல்ல ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலை, வெற்றிலை போன்ற பச்சை இலைகளும் பிடிபடும். பருப்புப் பொடி, வத்தல், அப்பளம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம்.

குளிரும் பகலும்

குளிருக்குப் பயப்படுவோர் பலர். பகல் குறைவதை நினைத்துப் பார்ப்போர் சிலரே. டிசம்பர் இறுதியில் பெங்களூரில் பகல் 11 மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். லண்டனில் எட்டு மணி நேரம்கூட இராது. காலை எட்டு மணிக்கு மேல் சூரியன் உதித்து, மாலை நான்குக்குள் மறைந்துவிடும். வியன்னாவிலும் பிராகாவிலும் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே கோட்டை, பூங்கா, ஆற்றங்கரை ஆகியவற்றைப் பத்து மணி முதல் மூன்று மணிக்குள் பார்த்துவிட்டு, இருட்டிய பின் அருங்காட்சியகம், இசை, கடைவீதி என்று வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்.

உடையில் ஒரே கனமான கோட்டைவிட, உடலை ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு சிறந்தது. உள்ளே நுழைந்தால் எல்லாக் கட்டடங்களும் சூடாக இருக்கும், அடுக்குகளைக் கழற்றிவிடலாம். மிக முக்கியமானது காலணி. தரையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பயணம் மட்டுமல்ல, பின்வரும் ஆண்டுகளும் கெடும். அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துவிடும்; தோல் வறட்சிக்குக் களிம்பு கொண்டுசெல்லவும். நம் குரங்குக் குல்லாய்க்கு அங்கே முழு மரியாதை உண்டு!

எந்த ஊரில் எதைப் பார்ப்பது?

பனிக்காலத்துக்கே உரியது கிறிஸ்துமஸ் சந்தை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434 முதலும், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570 முதலும் நடந்துவருகின்றன. அங்கே விற்கும் 'லெப்கூகன்' என்னும் கேக்கைக் கடித்தால் ஏலக்காயும் கிராம்பும் மணக்கும். நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய சரக்கு அல்லவா! ஜெர்மன் சந்தைகளில் சூடான திராட்சை மது விற்பார்கள். வேண்டாதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' என்று கேட்டால் மது கலக்காத பழரசம் கிடைக்கும். பல சந்தைகள் 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 25-ஆம் தேதி லண்டனில் ரயிலே ஓடாது.

வியன்னாவின் கலை அருங்காட்சியகத்தில் புரூகெல் 1565-இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியம் உள்ளது. வெளியே பனியில் நடந்து வந்து அதன்முன் நிற்பவர்களுக்கு அது தரும் உணர்வே தனி. பாரிஸில் லூவ்ர், கீமே ஆகிய இரண்டும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கீமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசர் திருமேனியைக் காணலாம். லா ஷப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகளும், மாணிக்க விநாயகர் ஆலயமும் உள்ளன. பத்து நாள் ரொட்டி தின்று சலித்தவர்களுக்கு அங்கே இட்லி கிடைக்கும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் திப்புவின் புலிப் பொம்மை, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுபோகப்பட்டது. பெங்களூர்வாசிகளுக்கு அது பக்கத்து ஊர்ப் பொருள்.

குளிர் தாங்காத பெரியவர்களுக்கு ஏற்ற ஊர் லிஸ்பன். அங்கே டிசம்பர் மாதம் நம் பெங்களூரைவிடக் குளிர் கூடுதல்தான் என்றாலும், வியன்னா, பிராகா போன்ற ஊர்களைவிட மிகக் குறைவு. தமிழருக்கு அந்த ஊரோடு இன்னொரு உறவும் உண்டு. 1554-இல் தமிழ் மொழி முதன்முதலாக, ரோமன் எழுத்துக்களில், அச்சேறியது லிஸ்பனில்தான். ஜெர்மனியின் ஹாலே நகரும் அப்படியே. சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் அங்கே அச்சானது.

முன்பே சென்றவர்கள்

ஐரோப்பியப் பனிக்காலத்தை முன்பே கண்ட அல்சூர்க்காரர்கள் எல்லோரும் சுற்றுலா சென்றவர்கள் அல்லர். ஏரியை ஒட்டியுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படைமுகாமிலிருந்து இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குச் சென்ற வீரர்களில் பலர் தமிழர். அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் மிஞ்ஞானோ என்ற ஊரருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடனிருந்தவர்களைக் காக்க, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தம் உடலைப் போர்த்தி உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. ரோமிலிருந்து நேபிள்ஸ் செல்லும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. அவ்வழியே செல்லும் நம்மவர்கள் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவாக

பணம் தாராளமாக இருந்தால் முதல் வகுப்பு ஓர் இனிய அனுபவமே. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அளவான பணம் உள்ளவர்கள் முன்னுரிமையை யோசிக்க வேண்டும். இங்கிருந்து ஐரோப்பா செல்லும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. படுக்கை வசதி தேவைப்படுவது அந்த இரவுக்கே. ஆகவே போகும்போது மட்டும் பிசினஸ் வகுப்பும், திரும்பும்போது சாதாரண வகுப்பும் எடுக்கலாம். மிச்சமாகும் தொகையில் நகரின் நடுவே நல்ல விடுதி, நல்ல காலணி, முழுமையான காப்பீடு ஆகியவற்றைப் பெறலாம். இன்னும் ஒரு வாரம் கூடுதலாகவும் தங்கலாம்.

விமானத்தில் கழிவது பத்து மணி நேரம். பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் கழிவது பல நாட்கள். பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவும். செல்லும் அன்பர்கள் நலமே சென்று, கண்டு மகிழ்ந்து, தை பிறக்கும்போது பொங்கலுக்கு அல்சூர் வந்து சேர வாழ்த்துகிறோம்.