மலைப்பாதையில் வழுக்கும் கிளச்சு

பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து ஹாலிஎல, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குச் செல்லும் வண்டி 1,400 மீற்றருக்கும் மேலான உயரத்தை எட்டவேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, பூனாகலை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாதைகளோ இன்னும் ஒடுக்கமானவை. வளைவுக்கு வளைவு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருபவை. பறித்த கொழுந்து வாடிக் கெடுமுன் தொழிற்சாலையைச் சேரவேண்டிய லொறியும், நோயாளியை இரவோடிரவாகப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வானும் இப்பாதைகளிலேயே ஓடுகின்றன. இத்தகைய வண்டியின் கிளச்சு வழுக்கத் தொடங்கினால் அது பயணத்தின் தாமதத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிடலாம். இறக்கத்தில், சக்கரங்களை அடக்கிப் பிடிக்கும் எஞ்சினின் உதவியும் குறைந்து, முழுப் பாரமும் பிரேக்கின்மீது விழுந்துவிடலாம்.

கிளச்சு வழுக்குகிறது என்றவுடன் கியர்பொக்ஸைக் கழற்றி, புதிய பிளேட்டைப் பூட்டுவதே பலரது வழக்கம். அது செலவு மிகுந்த வேலை. ஒரே வானை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பல நாட்களின் வருவாயை விழுங்கிவிடும். ஆயினும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சில் குற்றம் எப்போதும் பிளேட்டிலேயே இருப்பதில்லை. ஆகவே, கழற்றுமுன் குற்றம் இருக்குமிடத்தைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

கிளச்சின் அமைப்பு எளிமையானது. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும், வலிய வில்லினால் தள்ளப்படும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, உராயும் பரப்புடைய கிளச்சுப் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பிடியே எஞ்சினின் வலுவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. சாரதி பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் அழுத்தப்படுகிறது. அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய விதியே இங்கும் பயன்படுகிறது. அழுத்தம் குழாய் வழியே கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து, அதன் பிஸ்டனைத் தள்ளி, வில்லின் பிடியை விடுவிக்கிறது. பெடலை விட்டதும் எண்ணெய் திரும்பவேண்டும். பிடி மீண்டும் முழுமை பெறவேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். எண்ணெய் குறைந்தாலோ, குழாயில் காற்றுப் புகுந்தாலோ பிடி முழுமையாக விடுபடாது. கியர் மாற்றுவது கடினமாகும். அது வழுக்குதல் அன்று. வழுக்குவதற்கோ, பிடி தளரவேண்டும். பிளேட் தேய்ந்திருக்கலாம், வில் வலுவிழந்திருக்கலாம், பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். அல்லது, பெடலை விட்ட பின்னரும் எண்ணெயின் அழுத்தம் முழுவதும் நீங்காமல், பிடியைச் சற்றே விடுவித்தபடி இருக்கலாம். இந்த நான்காவது காரணமே பலராலும் கவனிக்கப்படாதது.

முதலில் வழுக்குதலை உறுதிசெய்ய வேண்டும். போக்குவரத்தற்ற சமதளப் பாதையில் உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் செல்கையில் எரிபொருளைக் கூட்டினால், எஞ்சினின் சுழற்சி மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் உயராதிருப்பது வழுக்குதலின் அடையாளம். கருகிய நாற்றமும் எழலாம். இச்சோதனையை மீண்டும் மீண்டும் செய்தல் கூடாது. ஒவ்வொரு முறையும் பிளேட் மேலும் எரியும்.

வழுக்கும் நிலையிலேயே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். பின்னர், பெடலை எவரும் மிதிக்காதிருக்க, ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் திருகைச் சிறிது தளர்த்துவதே முக்கியமான சோதனை. எண்ணெய் மெதுவாகக் கசிவது இயல்பே. அது அழுத்தத்தோடு பீறிட்டு, திருகை மூடி ஓட்டும்போது கிளச்சு நன்றாகப் பிடிக்குமாயின், குற்றம் எண்ணெய்ப் பாதையில் இருக்கிறது. கியர்பொக்ஸைத் தொடவேண்டிய தேவையில்லை.

குற்றம் மீண்டும் தோன்றும்போது மாஸ்டர் சிலிண்டரில் குழாய் பொருந்துமிடத்தைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். அங்கேயே அழுத்தம் நீங்குமாயின், எண்ணெய் கிண்ணத்துக்குத் திரும்பும் சிறு துவாரம் அடைபட்டிருக்கலாம். அல்லது பெடலின் தள்ளுகம்பி அளவுக்கு மிஞ்சி நீண்டு பிஸ்டனை ஓய்வில்லாமல் நெருக்கியிருக்கலாம். தள்ளுகம்பிக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமென்பதை அந்தந்த வண்டியின் கைந்நூல் கூறும். மேலே நீங்காத அழுத்தம் கீழேயுள்ள திருகில் மட்டும் நீங்குமாயின், இடையிலுள்ள ரப்பர் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்பவிடாமல் தடுக்கிறதென்று கொள்ளலாம். திருகைத் தளர்த்தியும் அழுத்தம் காணாவிடில், பெடலை விடும்போது ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி முழுமையாகத் திரும்புகிறதா என்று நோக்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஊவாவில் வடகீழ்ப் பருவமழை நீண்டு பெய்யும் காலங்களும் உண்டு. எண்ணெயைப் பல ஆண்டுகள் மாற்றாது விட்டால், அந்த ஈரத்தால் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்து, பிஸ்டன் பாதிவழியில் சிக்கிக்கொள்ளும்.

இவையாவும் சரியாக இருந்தால் மட்டுமே கியர்பொக்ஸைக் கழற்றவேண்டும். அப்போதும் பிளேட்டை மாத்திரம் மாற்றுதல் சிக்கனமாகாது. எஞ்சினின் பின்புறத்திலோ கியர்பொக்ஸின் முன்புறத்திலோ ஒயில் கசிந்து பிளேட்டை நனைத்திருந்தால், முதலில் அந்தக் கசிவை நிறுத்தவேண்டும். இல்லையேல் புதிய பிளேட்டும் சில வாரங்களில் வழுக்கும். சில புதிய வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கிளச்சு உறையினுள்ளேயே இருப்பதால், அதன் கசிவும் பிளேட்டை நனைக்கக்கூடும். பிரஷர் பிளேட், பெயாரிங், பிளைவீலின் பரப்பு ஆகியவற்றையும் அதே வேளையில் பார்த்துவிடுதல் நலம். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால், உறையிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதுதல் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

எண்ணெய்ப் பாதையைத் திறந்து திருத்திய பின், இருவர் சேர்ந்து காற்றை எடுத்து, கிண்ணத்தின் மூடியில் குறித்த வகை எண்ணெயையே ஊற்றவேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால், பிரேக் எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் உறுப்புகள் வீங்கி, தீர்த்த குற்றமே திரும்பிவரும்.

திருத்திய கிளச்சு நெடுநாள் உழைப்பது சாரதியின் காலைப் பொறுத்தது. ஏற்றத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கையில், பெடலை அரைவாசி மிதித்து வண்டியைத் தாங்குவதே மலைநாட்டில் பிளேட்டைத் தின்னும் பழக்கம். அங்கே கைப்பிரேக்கைப் போட்டுக் காத்திருக்கவேண்டும். ஓடும்போதும் பெடலின்மேல் பாதத்தை வைத்திருத்தல் கூடாது. வழியில் கிளச்சு வழுக்கத் தொடங்கினால், பாரத்தைக் குறைத்து, ஆறவிட்டு, அருகிலுள்ள கராஜுக்கு மெதுவாகச் செல்லலாம். ஆனால் அந்நிலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்குவதை எக்காரணத்தாலும் தவிர்க்கவேண்டும்.